பேஸ் ஆம்ப்களை ஒப்பிடுவது எப்படி: தெளிவான தொனி தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

தனியாக வாசிக்கும்போது அறையே அதிரும். டிரம்ஸும் கிதாரும் கீபோர்டும் சேர்ந்ததும் பேஸ் எங்கே போனதென்றே தெரியாது. பேஸ் கிதார் வாசிக்கத் தொடங்கியவர்களில் பலர் புது ஆம்ப் (ஒலிபெருக்கி) தேடக் கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு முன் இருக்கிற ஆம்பில் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் குமிழை இன்னும் கொஞ்சம் திருகிப் பார்ப்பார்கள். ஒலி இன்னும் பருத்து, இன்னும் குழம்பும். பிறகு கூடுதல் வாட் உள்ள ஆம்ப் வாங்குவார்கள். அதே குழப்பம் கூடுதல் சத்தத்தில் கேட்கும்.

எந்தச் சுரம், அது எப்போது தொடங்கியது, எப்போது நின்றது. இந்த மூன்றும் ஐயமில்லாமல் காதுக்கு எட்டினால் அதுதான் தெளிவு. இவை மூன்றும் பெரும்பாலும் நடு அதிர்வெண்களில் இருக்கின்றன. ஆம்ப்களை ஒப்பிடும்போது இதை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

காது எதைக் கேட்கிறது

நான்கு தந்தி பேஸில் ஈ (E) தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். ஏ தந்தி 55, டி தந்தி 73.4, ஜி தந்தி 98. ஐந்தாவதாக பி தந்தி இருந்தால் அது 30.9. ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரே பெட்டியில் வரும் சிறிய காம்போ ஆம்ப்கள் பலவற்றில் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகச் சரிந்துவிடும். ஆனாலும் அவற்றில் ஈ வாசித்தால் ஈ என்றே கேட்கிறது. தந்தி 41.2 ஹெர்ட்ஸில் மட்டும் அதிர்வதில்லை, 82.4, 123.6, 164.8 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. இந்த மேற்சுரங்களின் இடைவெளியை வைத்து, அடிப்படைச் சுரம் ஸ்பீக்கரில் வராதபோதும் மூளை அதைக் கணித்துக்கொள்கிறது. கைபேசியின் மிகச்சிறிய ஸ்பீக்கரில்கூட ஒரு பாட்டின் பேஸ் வரியை நாம் பின்தொடர முடிவது இதனால்தான்.

ஆகவே 40 ஹெர்ட்ஸை எந்த ஆம்ப் அதிகமாகத் தள்ளுகிறது என்பது ஒப்பீட்டின் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. ஏறத்தாழ 100 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை எது ஒழுங்காகக் கொடுக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். கீழே உள்ளது உடம்பில் உணரும் கனம். மேலே உள்ளது விரல் பட்ட ஓசை, கழுத்திலுள்ள உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களில் தந்தி உரசும் ஓசை. சுரம் வாழும் இடம் நடு.

ஆம்பைக் குறை சொல்வதற்கு முன்

பேஸிலும் கையிலும் உள்ள குறையை எந்த ஆம்பும் திருத்தாது. நல்ல ஆம்ப் அதை இன்னும் தெளிவாகவே காட்டிக்கொடுக்கும். எனவே ஒப்பீட்டுக்குப் போவதற்கு முன் சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

தந்தியைப் பாருங்கள். சுருள் கம்பி சுற்றிய ரவுண்ட்வூண்ட் தந்திகளில் வியர்வையும் அழுக்கும் சுருள்களுக்கு இடையே ஏறும்போது மேற்சுரங்கள் செத்துப்போகின்றன. ஈ தந்தி ‘தொம்’ என்று மட்டும் ஒலித்து சுரம் தெளியவில்லை என்றால் முதல் சந்தேகம் தந்தி மேல் விழட்டும். வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் தந்தி வேறு குணம்: பளபளப்பு குறைவு, ஆனால் சுரத்தின் நடு உறுதியாக இருக்கும். பளிச்சென்று இருந்தால்தான் தெளிவு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது கனத்த ஃப்ளாட்வூண்ட் தந்தி பூட்டிய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். தந்தியை அவர் மாற்றுவதே அரிது. ஆனாலும் அந்தப் பாடல்களில் அவர் வாசித்த ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். அது கையின் தெளிவு.

தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தப் பகுதியான பிக்கப்பின் உயரத்தையும் சரிபாருங்கள். காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் தந்தியின் அதிர்வையே இழுத்துக் கெடுக்கும். மேல் ஃப்ரெட்களில் சுரம் தடுமாறும். மிகத் தாழ்வாக இருந்தால் ஒலி மெலியும். ஒரு தந்தி மட்டும் ஓங்கிக் கேட்டால் அந்தப் பக்கத்துத் திருகாணியைச் சிறிது சிறிதாக இறக்கிச் சமன் செய்யுங்கள்.

ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் போல இரண்டு பிக்கப் உள்ள கருவியில் இரண்டு வால்யூம் குமிழையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கும். கூடவே நடு அதிர்வெண்களில் கொஞ்சம் பள்ளமும் விழும். ஒன்றைச் சற்றுக் குறைத்தால் அந்தப் பள்ளம் நிரம்பி, தொனி முன்னே வரும். செலவே இல்லாத வழி இது, பலரும் கவனிக்காத வழியும்கூட.

பிறகு கை. தந்திகளின் கீழ்முனை பூட்டியிருக்கும் பாலத்தின் பக்கம் மீட்டினால் சுரம் இறுகி, கூர்மையாகும். கழுத்தின் பக்கம் மீட்டினால் உருண்டு பெருகும். ஒரே பாட்டில் விரல் இங்குமங்கும் அலைந்தால் கேட்பவருக்கு அது ஆம்பின் குறையாகத் தெரியும். வாசிக்காத தந்திகளை அடக்குவது இதைவிட முக்கியம். ஜி தந்தியில் வாசிக்கும்போது ஈ தந்தி மெல்ல முனகிக்கொண்டே இருந்தால், அந்த முனகலைத்தான் பலர் ‘மந்தமான ஆம்ப்’ என்கிறார்கள். கட்டைவிரலை ஈ தந்தியின் மேல் சாய்த்து வைத்துப் பாருங்கள். அதே ஆம்ப் வேறு ஆம்ப் போல ஒலிக்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பேஸ் ஆம்ப் என்று நாம் சொல்வதில் மூன்று பகுதிகள் உண்டு: ஒலிக்கு நிறம் கொடுக்கும் ப்ரீஆம்ப், அதைப் பெருக்கும் பவர் ஆம்ப், காற்றை அசைக்கும் ஸ்பீக்கர் கேபினட். மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தால் காம்போ. முதல் இரண்டும் ஹெட்டாகவும் ஸ்பீக்கர் தனியாகவும் இருந்தால் ஹெட்-கேபினட் அமைப்பு.

ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் ஆம்பையும் கொண்டுவந்தது. 1960-இல் வந்த ஆம்பெக் பி-15 ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்தது. பெரிய மேடைகளுக்கு 1969-இல் வந்தது ஆம்பெக் எஸ்விடி: 300 வாட் வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட மூடிய கேபினட். இன்று கிடைக்கும் ஹெட்கள் பலவற்றில் ‘விண்டேஜ்’ என்ற பெயரில் வரும் நிறம் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தை நினைவில் வைத்துச் செய்ததுதான். இப்போதைய க்ளாஸ் டி (மின்சாரத்தை வேகமாக மாற்றி மாற்றி இயக்கும் சுற்றமைப்பு) ஹெட்களோ ஒரு கையில் தூக்கும் எடையில் 500 வாட் தருகின்றன. நியோடைமியம் காந்தம் வந்தபின் கேபினட்டும் எடை குறைந்துவிட்டது.

வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். சக்தி இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 300 வாட் ஆம்புக்கும் 400 வாட் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபெல்லுக்குச் சற்றே மேல்தான். ஸ்பீக்கரின் உணர்திறன் எண்ணைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளக்கும்போது 97 டெசிபெல் தரும் கேபினட்டுக்குப் பதில் 100 டெசிபெல் தரும் கேபினட்டை எடுத்தால், ஆம்பின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம். வீட்டில் பயிற்சிக்கு 20 முதல் 50 வாட் தாராளம். டிரம்ஸுடன் ஒத்திகை என்றால், என் கணிப்பில், டிரான்சிஸ்டர் அல்லது க்ளாஸ் டி ஆம்பில் 200 வாட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். சத்தத்துக்காக மட்டுமல்ல, சக்தி தீர்ந்த ஆம்ப் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் நசுக்கிவிடும். தெளிவு முதலில் அங்கேதான் போகும்.

ஓம் (மின்தடை) கணக்கில் தவறு கூடாது. இரண்டு 8 ஓம் கேபினட்களை இணையாக இணைத்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் என்றால் 2 ஓம். ஹெட்டின் பின்புறம் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாதீர்கள். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள். அதன் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். ஹெட்டையும் கேபினட்டையும் இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். கிதார் கேபிள் பார்க்க அதே போல இருந்தாலும் உள்ளே இருக்கும் கம்பி மெல்லியது, அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. கேபினட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹெட்டை அணைத்துவிட்டே மாற்றுங்கள்.

ஒரே தராசில் நிறுப்பது

இங்கே அவசரப்படுவோர்தான் பின்னால் வருந்துகிறார்கள். இரண்டு ஆம்ப்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பார்த்து ‘இதுதான் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு செய்யும்போது, பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுப்பது நல்லதை அல்ல, சத்தம் கூடியதை. ஒரு டெசிபெல் கூடினாலே காது அதை ‘நிறைவு’, ‘ஆழம்’ என்று எடுத்துக்கொள்ளும். அதுவும் தாழ்ந்த சுரங்களில் இந்த மயக்கம் இன்னும் பெரிது. ஒலி குறைவாக இருக்கும்போது காது தாழ்ந்த அதிர்வெண்களை மிகவும் குறைத்தே கேட்கிறது. ஒலி ஏற ஏற அவை மற்றவற்றைவிட வேகமாக எழுகின்றன. ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வெளியிட்ட உண்மை இது. படுக்கையறைச் சத்தத்தில் அழகாக அமைத்த தொனி மேடையில் ஏன் கொழகொழத்துப் போகிறது என்பதற்கும் இதுதான் விடை.

ஆகவே முதல் வேலை ஒலியைச் சமன் செய்வது. கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்று போதும். கைபேசி மைக் துல்லியமானதல்ல. இரண்டை ஒப்பிடுவதற்கு அந்த அளவு போதும். அளவீட்டை ‘சி’ முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஏ’ முறை 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல்லையும் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல்லையும் கழித்துவிடும், பேஸுக்கு உதவாது. கைபேசியை ஓரிடத்தில் வைத்து, ஒரே வரியை வாசித்து, இரண்டு ஆம்ப்களும் ஒரு டெசிபெல் வித்தியாசத்துக்குள் வரும்வரை மாஸ்டர் குமிழைத் திருத்துங்கள்.

பேஸும் கேபிளும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். கடையில் தொங்கும் வேறு பேஸில் ஆம்பைச் சோதித்தால் நீங்கள் சோதிப்பது அந்தப் பேஸைத்தான். உள்ளே பேட்டரிச் சுற்று இல்லாத பாசிவ் பேஸ் என்றால் கேபிள் நீளமும் கணக்கு. நீண்ட கேபிள் மேல் அதிர்வெண்களைத் தின்னும்.

ஒரு லூப்பர் பெடல் கிடைத்தால் ஒப்பீடு எளிதாகும். எட்டு தாளச் சுற்று நீளத்துக்கு ஒரு வரியை அதில் பதிந்து, அதே பதிவை ஒவ்வொரு ஆம்புக்கும் அனுப்புங்கள். கை ஒன்றே, விசை ஒன்றே; மாறுவது ஆம்ப் மட்டும். நீங்கள் நகர்ந்து நின்றும் கேட்கலாம். நண்பர் ஒருவர் மாற்றி மாற்றிப் போட, எது எதுவென்று தெரியாமல் திரும்பி நின்று கேட்பது இன்னும் நல்லது. பெயரும் விலையும் தோற்றமும் காதைப் பெரிதும் பாதிக்கும். லூப்பரை முடித்தபின் பேஸை நேராகச் செருகி வாசித்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம். பாசிவ் பிக்கப்புக்கும் ஆம்பின் நுழைவுக்கும் இடையே நடப்பதை லூப்பர் மறைத்துவிடும். அதோடு, விரலுக்கு ஆம்ப் எப்படிப் பதில் சொல்கிறது என்பதை வாசித்தால்தான் அறிய முடியும்.

ஹெட்-கேபினட் அமைப்பு என்றால் குறுக்காகவும் மாற்றுங்கள்: முதல் ஹெட்டை இரண்டாவது கேபினட்டில், இரண்டாவது ஹெட்டை முதல் கேபினட்டில். ‘இந்த ஹெட் தெளிவு’ என்று நினைத்தது உண்மையில் கேபினட்டின் தெளிவாக இருப்பது அடிக்கடி நடக்கும். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் நான் கேபினட்டுக்குக் கொடுப்பேன்.

ஆம்புக்குள் நுழையும் ஒலியின் அளவை ஏற்றி இறக்கும் கெயினை அமைக்கும் முறை இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் கனமான அடியில், ஒலி எல்லை மீறுவதைக் காட்டும் க்ளிப் விளக்கு மின்னும்வரை ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்குங்கள். பேட்டரியுள்ள ஆக்டிவ் பேஸ் விளக்கை உடனே எரியவைத்தால் ஆம்பில் உள்ள ஆக்டிவ் அல்லது பேட் பொத்தானை அழுத்துங்கள். கம்ப்ரஸர், டிரைவ், ‘டீப்’, ‘ப்ரைட்’, ‘கான்டூர்’ பொத்தான்கள் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்யூ குமிழ்கள் நடுவில் இருந்தால் சமநிலை என்று நம்பிவிட வேண்டாம். பல நவீன ஆம்ப்களில் அது உண்மை. பழைய ஃபெண்டர் வகைச் சுற்றமைப்பில் எல்லாக் குமிழும் நடுவில் இருந்தாலும் நடு அதிர்வெண் தாழ்ந்தே இருக்கும். மிடிலை முழுதாக ஏற்றி பேஸையும் ட்ரெபிளையும் இறக்கினால்தான் சமநிலைக்கு அருகில் வரும். ஆகவே இரண்டு ஆம்ப்களையும் ‘எல்லாம் 12 மணியில்’ வைத்து ஒப்பிட்டால் போதாது. ஒருமுறை அப்படிக் கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் உங்களுக்குப் பிடித்த தொனியை வரவழைக்க எவ்வளவு திருக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். குறைவாகத் திருகியே பிடித்த தொனி வருகிற ஆம்ப் பக்கம் என் ஓட்டு.

என்ன வாசித்து, எதைக் கேட்பது

வேகமான வித்தைகளை விட்டுவிடுங்கள். ஈ தந்தியில் திறந்த சுரத்திலிருந்து ஐந்தாவது ஃப்ரெட் வரை, ஒரே விசையில், மெதுவாக ஏறி வாருங்கள். ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் வருகிறதா? ஒன்று உறுமி மற்றொன்று காணாமல் போகிறதா? அப்படியென்றால் கேபினட்டோ அறையோ சில அதிர்வெண்களைத் தூக்குகிறது. பேஸை அறையின் வேறு இடத்துக்கு எடுத்துச்சென்று நின்று வாசியுங்கள். உறுமும் சுரம் மாறினால் குற்றம் அறையினுடையது.

அடுத்து, அதே சுரத்தை இரண்டு இடத்தில் வாசியுங்கள்: ஏ தந்தியைத் திறந்தும், ஈ தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டிலும். சுருதி ஒன்று, குணம் வேறு. நல்ல ஆம்பில் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரியும். இரண்டும் ஒன்றுபோலவே கேட்டால் நடுப்பகுதியை அந்த ஆம்ப் விழுங்குகிறது என்று பொருள்.

பிறகு இரண்டு சுரம் சேர்த்து வாசியுங்கள். டி தந்தியில் ஏழாவது ஃப்ரெட்டையும் ஜி தந்தியில் ஒன்பதாவது ஃப்ரெட்டையும் ஒன்றாக மீட்டிப் பாருங்கள்; பிறகு இதே வடிவத்தை ஈ, ஏ தந்திகளில் மூன்றாவது, ஐந்தாவது ஃப்ரெட்டில். மேலே தெளிவாக இருந்தது கீழே எவ்வளவு கலங்குகிறது என்பதே சோதனை. கொஞ்சம் கலங்குவது இயல்பு. சேறாகிப்போனால் ஆம்பின் தாழ்பகுதி தளர்வாக இருக்கிறது.

கடைசியாக மௌனத்தைக் கேளுங்கள். குறுகிய சுரங்களை வாசித்து உடனே அடக்குங்கள். கை நின்றபின்னும் கேபினட் முனகினால் அதுதான் தெளிவைக் கெடுக்கும் வால். பொதுவாக, மூடிய கேபினட்டின் தாழ்பகுதி மெல்லச் சரியும், சுரம் இறுக்கமாக நிற்கும். துளையுள்ள கேபினட் இன்னும் கீழே இறங்கும், சத்தமும் கூடும்; ஆனால் துளை பொருந்தியிருக்கும் அதிர்வெண்ணுக்குக் கீழே ஸ்பீக்கர் கூம்பு பிடிமானம் இழந்து வீணாக ஆடும். ‘10 அங்குலம் தெளிவு, 15 அங்குலம் மந்தம்’ என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெட்டியின் வடிவமைப்பு அளவைவிட அதிகம் தீர்மானிக்கிறது.

இவை எல்லாவற்றையும் ஆம்பிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்றும் கேளுங்கள். ஆம்ப் தரையில், காது அதற்கு மேலே உயரத்தில். மேல் அதிர்வெண்கள் ஸ்பீக்கரின் நேர்கோட்டில்தான் குவிந்து செல்லும். அவை உங்கள் முழங்காலைத் தாக்கிவிட்டு எதிரே இருப்பவர் காதுக்குப் போகும். பக்கத்தில் நின்று ‘மங்கல்’ என்று ட்ரெபிளை ஏற்றினால் எதிரே நிற்பவருக்குக் கூசும். கேபினட்டைச் சாய்த்தோ உயரத்தில் வைத்தோ பாருங்கள். பாதி நேரம் அதுவே நீங்கள் தேடிய தெளிவாக இருக்கும்.

ஈக்யூ: ஏற்றுவதற்கு முன் இறக்குங்கள்

ஏதோ குறைகிறது என்று தோன்றும்போதெல்லாம் கை ஏதாவதொரு குமிழை ஏற்றத் துடிக்கும். தெளிவு தேடுபவர் முதலில் எதை இறக்கலாம் என்று பார்க்க வேண்டும்.

தோராயமான வரைபடம் இது. 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஆழம். அறையை நிரப்பும், சக்தியையும் குடிக்கும். 80 முதல் 150 வரை கனம், பேஸ் ‘இருக்கிறது’ என்ற உணர்வு. 200 முதல் 400 வரை உடல். அளவோடு இருந்தால் இதம், மிஞ்சினால் சேறு. 500 முதல் 1,000 வரை சுரத்தின் முகம், அந்த உறுமல். 2,000, 3,000 பக்கம் விரலின் தொடுகை. 5,000-க்கு மேல் பெரும்பாலும் உரசலும் இரைச்சலும்.

எந்த இடத்தில் சேறு என்று அறிய, நடு அதிர்வெண்ணை நகர்த்தும் வசதி உள்ள ஆம்பில் ஒரு வழி உண்டு. அளவுக் குமிழை நன்றாக ஏற்றிவிட்டு அதிர்வெண் குமிழை 150-லிருந்து 500 வரை மெல்ல நகர்த்துங்கள். மிக அசிங்கமாக ஒலிக்கும் இடத்தில் நில்லுங்கள். இப்போது அளவுக் குமிழைச் சமநிலைக்குக் கீழே 3, 4 டெசிபெல் இறக்குங்கள். முழுக் குழுவும் வாசிக்கும்போது இதைச் செய்தால் பலன் இரட்டிப்பு.

அதன்பின் 600 முதல் 900 வரை எங்கோ ஓரிடத்தில் சிறிது ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவது போல, கொஞ்சம் கரடாக இருக்கும்; பலர் இங்கேதான் பயந்து திரும்பிவிடுகிறார்கள். டிரம்ஸ் தொடங்கட்டும், கிதார் சேரட்டும். அந்தக் கரடு மறைந்து, சுரம் மட்டும் முன்னே வந்து நிற்கும். நடுவைக் குழித்து இரு முனைகளையும் ஏற்றும் அமைப்பு தனியாக எவ்வளவு இனிமையோ அவ்வளவு வேகமாகக் கூட்டத்தில் தொலையும், ஏனென்றால் மேலே சிம்பல்களும் கீழே கிக் டிரம்மும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன.

30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஆம்பிலோ பெடலிலோ இருந்தால் தயங்காமல் போடுங்கள். கையின் இடிப்பு, மேடையின் அதிர்வு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. காது கேட்காத இவற்றுக்காக ஸ்பீக்கர் ஓயாமல் உழைக்கிறது. அதை விடுவித்தால் மீதிப் பகுதி இறுகும்.

மேல் அதிர்வெண்களுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்கும் ஒரு சொல். கேபினட்டின் பின்னால் அதைக் குறைக்கும் குமிழ் இருக்கும். முழுதாக அணைத்துத் தொடங்கி, தேவைக்கு ஏற்றுங்கள். கட்டைவிரலால் அடித்து வாசிப்போருக்கு அது வேண்டும். விரலால் மீட்டுவோருக்குப் பெரும்பாலும் கால்பங்கு போதும்.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை ஈக்யூ அமைத்தபின் மட்டும் தொடுங்கள். 3:1 அல்லது 4:1 விகிதம், சுரத்தின் தொடக்கம் நழுவி வெளியேறும்படி 20 முதல் 40 மில்லிவினாடி அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்). அட்டாக் மிகக் குறுகினால் விரல் ஓசையே நசுங்கி, கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த தெளிவு போய்விடும். ஒலியை லேசாக உடைக்கும் மெல்லிய டிரைவ் இதற்கு நேர்மாறு. மேற்சுரங்களைச் சேர்ப்பதால் சிறிய ஸ்பீக்கரிலும் சுரம் தெரியவரும். சுத்தமான ஒலியுடன் கலக்கும் ‘பிளெண்ட்’ குமிழ் இருந்தால் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.

அறை என்னும் நான்காவது பகுதி

41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.3 மீட்டர். நாம் வாசிக்கும் அறைகள் பலவும் அதைவிடச் சிறியவை. அலை சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பி, சில அதிர்வெண்களில் தன்னையே பெருக்கிக்கொள்ளும், சில இடங்களில் தன்னையே அழித்துக்கொள்ளும். 4 மீட்டர் நீள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் நிலை அலை 43 ஹெர்ட்ஸ் பக்கம் விழும், இரண்டாவது 86 பக்கம். ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வரும் எஃப் 43.7, டி தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் எஃப் 87.3. அந்த அறையில் இரண்டு எஃப்பும் உறுமும், பக்கத்துச் சுரங்கள் அடங்கியிருக்கும். எத்தனை ஆம்ப் மாற்றினாலும் அது போகாது.

மூலையில் வைத்த ஆம்ப் தாழ்பகுதியை மிக அதிகமாகப் பெருக்கும். இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலில் மூலையை விட்டு வெளியே இழுங்கள். சுவரிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று நகர்த்தி, நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஈ தந்தியில் வாசித்த அந்த ஏறுவரிசையை வாசியுங்கள். மேடை பொள்ளலாக இருந்தால் ஆம்பை உறுதியான பெட்டி மேலோ தடித்த நுரைத் துண்டு மேலோ வையுங்கள். உறுமல் சட்டென்று அடங்கும். ஈக்யூவைத் தொடுவதற்கு முன் ஆம்பின் இடத்தை மாற்றுங்கள் என்று எந்தப் புதியவரிடமும் நான் முதலில் சொல்வது இதனால்தான்.

ஒப்பிடும் இரண்டு ஆம்ப்களையும் அறையின் ஒரே இடத்தில், ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துத்தான் கேட்க வேண்டும். அருகருகே வைத்தால்கூட ஒன்று மூலைக்கு நெருங்கிவிடும்.

கூட்டத்தில் வைத்துப் பார்ப்பது

முடிந்தால் இறுதித் தேர்வைக் குழுவுடன் வாசித்தே செய்யுங்கள். முடியாவிட்டால் பேஸ் இல்லாத பின்னணி இசையைத் தனி ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாசியுங்கள். கிக் டிரம் 60 ஹெர்ட்ஸ் பக்கம் கனமாக இருந்தால் உங்கள் கனத்தை 100 பக்கம் நகர்த்துங்கள். கிக் இறுகி மேலே இருந்தால் நீங்கள் கீழே போகலாம். கீபோர்டு வாசிப்பவரின் இடது கை உங்கள் எல்லைக்குள் வந்தால் எந்த ஆம்பாலும் இருவரையும் பிரிக்க முடியாது. அவரிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும். கிதார்காரரின் ஆம்பில் பேஸ் குமிழைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய ஒலியும் தெளியும், உங்களுடையதும்.

மேடைகளில் ஒலிப்பொறியாளர் ஆம்பின் டிஐ (ஒலிப்பலகைக்கு நேராகப் போகும் இணைப்பு) வழியாக உங்கள் ஒலியை எடுப்பார். ‘ப்ரீ’ என்றால் ஈக்யூவுக்கு முந்தைய ஒலி, ‘போஸ்ட்’ என்றால் உங்கள் ஈக்யூவுடன் சேர்ந்தது. அறைக்காகச் செய்த திருத்தங்கள் அரங்கத்துக்குப் போக வேண்டியதில்லை, அதனால் ‘ப்ரீ’ பாதுகாப்பான தொடக்கம். இரைச்சல் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்செருகியின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. இரண்டு ஆம்ப்களும் மற்ற எல்லாவற்றிலும் சமம் என்றால், டிஐ ஒலி சுத்தமாக உள்ளதை எடுங்கள். மேடை பெரிதாகப் பெரிதாக மக்கள் கேட்பது அதைத்தான்.

பழைய ஆம்ப் வாங்குவதாக இருந்தால்

இரண்டாம் கையாக வாங்கும்போது மேலே சொன்ன எல்லாவற்றோடும் இன்னும் ஒன்று செய்யுங்கள். கைபேசியில் ஒலி அலை உண்டாக்கும் செயலியைப் போட்டு, ஆம்பின் ஆக்ஸ் நுழைவில் செருகி, மிதமான சத்தத்தில் 40-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றுங்கள். தளர்ந்த திருகு, விரிசல் விழுந்த பலகை, கிழிந்த கூம்பு எதுவானாலும் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் கடகடத்து வெளிப்படும். கடகடக்கும் இடத்தில் கேபினட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் அழுத்துங்கள். அழுத்தியதும் நின்றால் அங்கே திருகை முறுக்கினால் போதும். ஸ்பீக்கரின் நடுவிலிருந்து உரசல் வந்தால் சுருள் தேய்கிறது. புது ஸ்பீக்கரின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். குமிழ்கள் ஒவ்வொன்றையும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் க்ளீனரில் போய்விடும். வால்வு ஆம்ப் என்றால் அரை மணி நேரம் சூடாகும்வரை வாசித்துவிட்டு, அதன்பின் அந்த முதல் ஏறுவரிசையை இன்னொரு முறை கேளுங்கள்.